குமிழி நின்ற பகல்

நாலு நாளாக அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் "எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை. "குமிழி வருதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன் அடித்தால் சித்தப்பா, அதே கேள்வி. வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அம்மா ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரிப்பாள். அதுவும் அதே கேள்விதான். அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும் பம்பு தலையாட்டுவாள். வருது. இன்னும் வருது. ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பேர். நாலு வயதில் அப்பாவின் பஞ்சர் கடையில் காற்றடிக்கும் பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாருக்கும் தரமாட்டேன் என்று அடம்பிடித்ததிலிருந்து வீட்டில் அவள் பம்பு. பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் அதுவே நின்றுவிட்டது.

தெருவெல்லாம் சுற்றிய காய்ச்சல் அவளை மூன்று நாள் படுக்க வைத்துவிட்டு எழுந்து போனது. அம்மாவிடம் இருமலாக ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை. அதனால்தான் அம்மாவைக் கதவுக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் காய்ச்சலோடு காய்ச்சலாக இரண்டு நாள் கடை திறந்த அப்பாவைத்தான் அது கட்டிலில் சாய்த்து, மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் முகமூடி மாட்டிவிட்டது.

சேர்த்த ஒன்பதாம் நாள் ஒரு பேய் இருமல். ஏற்கெனவே புண்ணாகிக் கிடந்த நுரையீரலில் எங்கோ கிழிந்தது. கசிந்த காற்று நெஞ்சுக் கூட்டுக்குள் நிரம்பி, நுரையீரலையே நசுக்கிச் சுருட்டிவிட்டது. பெரிய டாக்டரம்மா விலா எலும்புகளுக்கு நடுவே விரல் தண்டியில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீருக்குள் விட்டார். சிக்கிய காற்று குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே திரும்பாமல் தண்ணீர் காவல் நிற்கும் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் முகமூடிக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

"பஞ்சர்தானே?"

டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பஞ்சரேதான்."

போகும்போது பம்புவைத் தனியாக அழைத்து மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனார். பாட்டில் நெஞ்சுக்கு மேலே வரக் கூடாது. குமிழி வரும்வரை குழாயை யாரும் எதற்காகவும் மூடக் கூடாது. மூடினால் காற்று உள்ளேயே அடைந்து இதயத்தையே நெருக்கிவிடும். மூன்றாவதைப் பாட்டிலைச் சுட்டிக் காட்டிச் சொன்னார். "அவர் மூச்சு விடறப்பல்லாம் இந்தத் தண்ணி ஏறி இறங்குது பாரு. இதுவும் அவர்கூட மூச்சு விடுது."

அன்றிலிருந்து பம்புவுக்கு அந்தத் தண்ணீர்தான் கடிகாரம். பாத்ரூமுக்குப் போனால்கூட மனதுக்குள் ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம் என்று எண்ணிக்கொண்டே ஓடி வருவாள். எண்ணுவதை நிறுத்தினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

நேற்று ஒன்று நடந்தது. தரை துடைக்க வந்த அம்மாளுக்காகப் பாட்டிலை ஒரு சாண் நகர்த்தி வைத்தாள். அதைப் பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டார். "இன்னொரு தடவை உன் கை அதுல பட்டுதுன்னா பாஸைப் பிடுங்கிட்டு வெளிய அனுப்பிடுவேன்" என்று வார்டே கேட்கச் சொன்னார். கூட இருக்க ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். அது போனால் அப்பாவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அதனால் இன்று காலையிலிருந்து அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கையில என்ன, பசையா?" என்று கேட்டார் அப்பா. இவ்வளவு பேசுவதற்கே நடுவில் இரண்டு மூச்சு வாங்கினார்.

பத்தரை மணிக்குத் தள்ளுவண்டி அண்ணன் வந்தார். கட்டிலுக்கே வந்து படம் எடுக்கும் எக்ஸ்ரே மெஷின் காலையிலிருந்து ரிப்பேர். கீழே அறைக்குப் போக வேண்டும். அவர் இன்னும் ஐந்து பேரை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. பாட்டில் கீழேயே இருக்கணும், குழாயை மூடக் கூடாது என்று பம்பு லிப்டுக்குள் இரண்டு தடவை சொன்னாள்.

"நான் இந்த வேலைக்கு வந்தப்ப நீ பொறக்கவே இல்ல பாப்பா" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

எக்ஸ்ரே அறை வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. கூட வந்தவர்கள் அதைத் தாண்டக் கூடாது. அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றாள். எதிரே சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரும்பு உருளும் சத்தம், "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று யாரோ சொல்லும் குரல். மூச்சை இழுத்துப் பிடிக்க முடிந்தால் அவர் ஏன் இங்கே வருகிறார் என்று பம்பு நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அப்பாவின் கழுத்துவரை போர்வை. பாட்டில் ஒழுங்காகக் கீழே தொங்கியது. பதினொன்று பத்துக்குக் கட்டிலில் போட்டார்கள்.

அப்போதுதான் பார்த்தாள். பாட்டிலில் குமிழி இல்லை.

ஒரு நிமிஷம் பார்த்தாள். இரண்டு நிமிஷம். ஒன்றுகூட இல்லை. கதவை நோக்கி விரல்களைக் குவித்து, விரிக்காமல் அப்படியே காட்டினாள். அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து அழுதாள்.

அம்மா பக்கத்தில் நின்ற சித்தப்பா அந்தக் கணமே போனை எடுத்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். எதையும் இருபது பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரித்தான் சொல்வார். "பஞ்சர் ஒட்டிடுச்சு! அண்ணனுக்குப் பஞ்சர் ஒட்டிடுச்சு!" கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்டது. கடையில் ஒட்டின டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். குமிழி வராவிட்டால் வேலை முடிந்தது. பஞ்சர் கடைக் குடும்பம் வேறு எப்படி நினைக்கும்?

அந்த வழியாகப் போன பெரிய சிஸ்டரும் குனிந்து பார்த்து, "நின்னுடுச்சா? நல்லது" என்றுவிட்டுப் போனார்.

பம்புவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கினாள். ஏற்றம்.

ஏறவில்லை.

தண்ணீர் குழாய்க்குள் ஒரே இடத்தில் நின்றது. அப்பாவின் நெஞ்சு போர்வைக்கடியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் ஆடவில்லை.

பத்து வயதில் ஒரு சைக்கிள் டியூபைத் தானே ஒட்டி, தானே தொட்டியில் முக்கி, குமிழி இல்லை என்று பெருமையாக மாட்டிக் கொடுத்தாள். அரை மணியில் அந்த ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். அப்பா திட்டவில்லை. வந்தவர் எதிரிலேயே சிரித்தார். "குமிழி வரலைன்னா ஓட்டை அடைஞ்சிருக்கலாம். இல்ல, டியூப்ல காத்தே ஏறாம இருக்கலாம். ரெண்டுக்கும் தொட்டி ஒரே மாதிரிதான் இருக்கும், அம்மணி." பிறகு ஒரு மாதம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அவள் மானத்தை வாங்கினார்.

அப்பாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கிளிப்பின் நம்பரைப் பார்த்தாள். காலையில் தொண்ணூற்று நாலு. இப்போது தொண்ணூறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தெட்டு.

சிஸ்டர் மேஜைக்கு ஓடினாள். பெரிய சிஸ்டர் மூலைக் கட்டிலில் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டே வரேன் போ என்றார். மேஜையில் டியூட்டி டாக்டர். குனிந்த தலை நிமிராமல் படிவங்கள் நிரப்பிக்கொண்டிருந்தார். குமிழி நின்றால் நல்லதுதானே, பயப்படாதே என்றார்.

"சார், குமிழி மட்டும் இல்ல. தண்ணியே ஆடல."

"நெட்ல படிச்சியா?"

"எங்கப்பா பஞ்சர் கடை வெச்சிருக்கார்."

அவர் இப்போது நிமிர்ந்தார். சிரித்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவரைப் பார்த்தும் சிரித்தார். "அப்படியா. இந்த நாலு ஷீட்ட முடிச்சிட்டு வந்து பாக்கறேன், போய் உக்காரு."

பம்புவுக்குக் காது சுட்டது. நாலு ஷீட். அப்பாவின் மூச்சு அந்த நாலு ஷீட்டுக்குக் கீழே ஐந்தாவதாக வரிசையில் நிற்க வேண்டும்.

திரும்பி ஓடி வந்தபோது அப்பாவின் உதடு நிறம் மாறியிருந்தது. கழுத்து நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருந்தது. கண்கள் அவளைத் தேடின. சொல்ல வாய் திறந்தார், சொல் வரவில்லை. நம்பர் எண்பத்திரண்டு.

தலைமாட்டு மணியை அழுத்தினாள். போர்வையை விலக்கினாள்.

கக்கத்துக்குக் கீழே, கட்டுக்கு ஒரு சாண் தள்ளி, கத்தரிக்கோல் போல இரண்டு வளையம் வைத்த எவர்சில்வர் கிளாம்ப் ஒன்று குழாயைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வண்டியிலிருந்து மேஜைக்குத் தூக்கும்போது பாட்டில் மேலே வரும். தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடுமே என்று மூடியிருக்கிறார்கள். திறக்க மறந்துவிட்டார்கள். மேலே போர்வையைப் போர்த்திவிட்டார்கள்.

மணியை மறுபடி அழுத்தினாள். யாரும் வரவில்லை. *இன்னொரு தடவை உன் கை அதுல பட்டுதுன்னா.* எண்பது. எழுபத்தொன்பது.

பாஸ் போனால் போகட்டும். வளையங்களுக்குள் விரலை விட்டு அழுத்தித் திறந்தாள்.

பாட்டில் கொதித்தது. கொடகொடவென்று, உலை கொதிக்கிற மாதிரி. அப்பாவின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. பிறகு ஒரு மூச்சு. நீளமாக, உள்ளே போய் வெளியே வந்த ஒரு முழு மூச்சு. தண்ணீர் ஏறியது, இறங்கியது.

பம்பு கையில் கிளாம்புடன் நின்று அழுதுகொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் வந்தது அந்த நேரம் பார்த்துத்தான்.

பிறகு எல்லோரும் ஓடி வந்தார்கள். அப்பாவைப் பார்த்தார்கள், ஆக்சிஜனைக் கூட்டினார்கள், நம்பர் தொண்ணூறைத் தாண்டியது. அதெல்லாம் சரியாகவே செய்தார்கள். அப்பாவுக்கு மூச்சு வந்த பிறகுதான் எல்லோருக்கும் தங்கள் தங்கள் மூச்சு நினைவுக்கு வந்தது. குழாயை மூடியது யார்?

கிளாம்ப் யார் கையில் இருந்ததோ அவர்தான். நேற்றே பாட்டிலில் கை வைத்த பெண்தானே இது. டியூட்டி டாக்டர் அவள் வந்து சொன்னதையே மறந்துபோனார். ஏதோ சொல்லிச்சு, தெளிவா சொல்லல என்றார். தள்ளுவண்டி அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் அவர். அதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

பாஸை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வராண்டாவில் சித்தப்பாவிடம் ஒரு தாளை நீட்டினார்கள். நோயாளியின் உறவினர் குழாயைக் கையாண்டதால் மூச்சுத் திணறல் ஏற்பட்டது, இனி இப்படி நடக்காது என்று ஒப்புக்கொள்கிறோம். கீழே ஒரு கோடு.

சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் சித்தப்பா போட்டீங்க? நான் மூடல. திறந்தேன்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"மெதுவாப் பேசு. இவங்ககிட்ட சண்டை போட்டுட்டு அண்ணனை எங்க தூக்கிட்டுப் போறது? நாளைக்கும் இவங்கதான் ஊசி போடணும், இவங்கதான் குழாயைப் பாக்கணும். ஒரு கையெழுத்து. அதுல உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"நான் அப்பாவைக் கொல்லப் பாத்தேன்னு எழுதியிருக்கு அதுல."

 சித்தப்பா வேன் சாவியை எடுத்துக் கையில் உருட்டினார்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். இருமல் அடங்கியதும் பம்புவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "கோவிச்சுக்காதே. போர்வையைச் சரி பண்றப்ப, தெரியாம எதையாவது அமுக்கிட்டியாடி?"

சிஸ்டர் சொன்னது, டாக்டர் சிரித்தது, சித்தப்பா கையெழுத்துப் போட்டது, எதற்கும் அவள் இப்படி உடையவில்லை. அம்மாவின் கையை உதறிவிட்டு எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குச் சித்தப்பா வந்து அவள் தலையில் லேசாகத் தட்டினார். காலையில் எடுத்த எக்ஸ்ரே கீழே கவுன்டரிலேயே கிடக்கிறதாம். ஐந்து மணிக்குப் பெரிய டாக்டரம்மா வருகிறார், அவர் கேட்பார், போய் வாங்கிட்டு வா என்றார். சமாதானத்துக்கு ஒரு வேலை கொடுக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. போனாள்.

கவுன்டரில் கவர் நாலு மணி நேரமாகக் காத்திருந்தது. படம் எடுப்பது பார்ப்பதற்குத்தானே? பதினொரு மணிக்கே ஒருவர் வந்து எடுத்துப் பார்த்திருந்தால்? அந்தக் கேள்வியை அவள் கவுன்டர்காரரிடம் கேட்கவில்லை. ரசீதைக் கொடுத்து வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்று, படத்தை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

அப்பாவின் விலா எலும்புகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. ஒரு பக்கம் பாதிக்கு மேல் வெறும் கறுப்பு. சுருங்கிய நுரையீரல் நடுவில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.  கண்ணை அங்கிருந்து எடுத்து ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

ஓரத்தில், கைக்குக் கீழே, எலும்பைவிட வெள்ளையாக ஒன்று.

இரண்டு வளையம். இரண்டு கால். கால்களுக்கு நடுவே குழாயின் கோடு.

உலோகம் எக்ஸ்ரேயில் மறையுமா? படத்தின் மேல் மூலையில் பொடி எழுத்தில் தேதி, அதை அடுத்து நேரம். பத்து ஐம்பத்திரண்டு. பத்து ஐம்பத்திரண்டுக்கு அவள் சிவப்புக் கோட்டுக்கு வெளியே அப்பாவின் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படத்தைக் கவருக்குள் போட்டாள்.  லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள்.

வார்டு வாசலில் டியூட்டி டாக்டர் நின்றிருந்தார். கவரைப் பார்த்ததும் கையை நீட்டினார். "படம் வந்துடுச்சா? குடு."

கொடுக்க நீண்ட கையைப் பம்பு பாதியில் இழுத்துக்கொண்டாள். "பெரிய டாக்டரம்மா கையிலதான் குடுப்பேன்."

"என்னம்மா இது, கேஸ் ஷீட்ல வெக்கணும். குடு."

"அதுல அந்தக் கிளாம்ப் விழுந்திருக்கு சார். டைமும் விழுந்திருக்கு."

அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. கோபம் இல்லை அது. கணக்கில் தப்பு செய்த பையன் விடைத்தாளை மறைக்கிற முகம்.

"பம்பு, குடுத்துடு" என்று சித்தப்பா அவசரமாக வந்து கவரின் ஒரு மூலையைப் பிடித்தார். "வேணாம்டா. கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே கிளறாதே."

அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. நடுவில், கவருக்குள் அப்பாவின் நெஞ்சு வளைந்தது.

பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். வரும் வழியிலேயே ஒரு தடவை இருமினாள். இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு மகளை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையில் பெஞ்சில் வைத்துக் கேட்ட கேள்வி இல்லை. "விடுங்க தம்பி" என்றாள். சித்தப்பாவின் விரல்கள் தானாகவே விட்டன.

கவரை வாங்கி, பெஞ்சுக்குத் திரும்பிப் போய், முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள் அம்மா.

"எனக்கு முதுகு வலி சார்" என்றாள் டாக்டரிடம். "அஞ்சு மணி வரைக்கும் எழுந்திரிக்க முடியாது."

டாக்டர் விறுவிறுவென்று உள்ளே போனார். கண்ணாடிக்குள் அவர் மேஜைப் போனை எடுப்பது தெரிந்தது. கதவு மூடுவதற்குள் பாதி வார்த்தைதான் வெளியே வந்தது: எக்ஸ்ரே ரூமா, காலையில எடுத்த அந்தப் படம் கம்ப்யூட்டர்லயும் இருக்கா, அதை…

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. பம்பு கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தாள். தூரத்தில், கட்டிலுக்குக் கீழே, பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருந்தது. நாலு நாளில் முதல் தடவையாக அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.